கப்பலைத் தொடாத கோடு

வட கடலின் மேல் எண்ணெய்க் கழிவைத் தேடிப் பறக்கும் ஒரு விமானத்தில் லேசர் கருவி வீப்கே ஹார்ம்ஸின் பொறுப்பு. ரேடார் கடலில் ஒரு கறுப்புப் பட்டையைக் காட்டும். அது எண்ணெயா, பாசியா என்று அதற்குத் தெரியாது. லேசர் பட்டால் எண்ணெய் ஒளிரும். ஒவ்வொரு எண்ணெயும் ஒளிரும் விதம் வேறு. திரையில் அதைப் படித்துச் சொல்பவள் வீப்கே.

அக்டோபரில் ஒரு காலை, ஒரு டேங்கர் கப்பலுக்குப் பின்னால் நீளமான பட்டை. வசந்தத்திலும் இதே கப்பல்தான். அன்று மூடுபனி லேசரை மறித்துவிட்டது.

"இன்னைக்கு விடமாட்டேன். மேகத்துக்குக் கீழ இறக்கு, ஹின்ரிஷ்."

"உத்தரவு, மகாராணி," என்றான் விமானி.

பட்டையின் கடைசி முனையிலிருந்து கப்பலை நோக்கிப் பறந்தார்கள். திரையில் கோடு ஏறியது. இயந்திர அறைக் கழிவெண்ணெய், சந்தேகமே இல்லை. அந்தக் கோடு அறுபடாமல் கப்பலின் பின்புறத்தைத் தொட வேண்டும். இடைவெளி விழுந்தால், 'எனக்கு முன்னால் போனவன் கொட்டியது' என்பான் கேப்டன். புகைப்படத்தில் கப்பலை ஒட்டி வெறும் நுரைதான் தெரியும்.

"பின்னாடி கம்பிகிட்ட ரெண்டு பேர் நிக்கிறாங்க. நம்மளத்தான் அண்ணாந்து பாக்குறாங்க," என்றான் ஹின்ரிஷ்.

கீழே கண்கள் இருந்தால் லேசரை அணைக்க வேண்டும். அணைத்தாள். கோடு நின்றது.

சுற்றி வந்தார்கள். இருவரும் நகரவில்லை. ஒருவன் கையில் இப்போது தொலைநோக்கி.

"வேணும்னே நிக்கிறானுங்க. ஒரு நொடி அடிச்சுடு வீப்கே, யாருக்குத் தெரியப்போகுது?"

"அவன் கண்ணு போனா நீ குடுப்பியா?"

"அப்ப கையாட்டி டாட்டா காட்டு."

"வாய மூடிட்டுத் திருப்பு!"

மூன்றாவது சுற்றுக்குள் மேகம் கடலைத் தொடுமளவு இறங்கிவிட்டது.

சில வாரம் கழித்து விசாரணை அதிகாரி தொலைபேசியில் பேசினார்.

"எண்ணெய்னு நிரூபிச்சுட்டீங்க, திருமதி ஹார்ம்ஸ். ஆனா கோடு கப்பலைத் தொடலையே."

"தொட விடலை. ரெண்டு பேரைக் கொண்டாந்து நிறுத்தினாங்க."

"நிறுத்தினாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? விமானத்தை வேடிக்கை பாக்குறது குத்தமா?"

ரிசீவரை வீப்கே வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது. கேப்டனுக்கு அபராதம் கிடையாது.

அடுத்த முறை பறந்தபோது, ஒவ்வொரு கப்பலின் பின்புறத்திலும் ஆள் நிற்கிறானா என்றுதான் ஹின்ரிஷிடம் முதலில் கேட்டாள். பட்டையை அதற்குப் பிறகுதான் தேடினாள்.