"இல்லை" என்று எழுதிய படிவம்

கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற அறிவித்தலை மும்மொழியிலும் சுவரில் ஒட்டியவன் நான்தான்.

போன வருடம் கலஹாவிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் வந்தார். மகளின் காலுக்கு ஒன்லைனில் சப்பாத்து வாங்கப்போய்ச் சம்பளம் முழுவதையும் பறிகொடுத்திருந்தார்.

"கடையிலருந்து பேசுறோம்னாங்க சேர். நான்தான் நம்பர சொல்லிட்டேன்."

"சுவர்ல இவ்வளவு பெருசா போட்டிருக்கே, வாசிக்கத் தெரியாதா?" என்றேன், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

அவர் முறைப்பாட்டுப் படிவத்தில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது. இலக்கத்தைச் சொன்னவர்களுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்ற கடிதத்தில் நானே கையெழுத்திட்டேன்.

சில மாதங்களில் எனக்கும் அழைப்பு வந்தது. ஒன்லைனில் நான் வாங்கிய கைக்கடிகாரத்துக்குக் கட்டிய பணம் போய்ச் சேரவில்லையாம். தமிழில் பேசியிருந்தால் திட்டிவிட்டு வைத்திருப்பேன். அந்தத் திருடன் அருமையான ஆங்கிலம் பேசினான். நானும் என் ஆங்கிலத்தைக் காட்டும் மும்முரத்தில் கார்ட் இலக்கத்தையும் ஓடிபியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, சரியாகக் கேட்டதா என்று வேறு கேட்டேன்.

என் பணமும் போய், அதே படிவம் என் கைக்கு வந்தது. ஓடிபியை யாருக்காவது சொன்னீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன்.

"உங்கள மாதிரி ஆள் சொல்லுவாரா?" என்று சிரித்தபடி மேலதிகாரி ஒப்பமிட்டார். பணம் திரும்பி வந்தது.

அந்த அறிவித்தலின் கீழேதான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்தப் பெண் பணம் எடுக்க வருவார். என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுகிறார். நானும் நிமிர்ந்து பார்க்கிறேன், வெட்கமில்லாமல்.