ரப்பர் கையின் மோதிர விரல்

என் வீட்டுக்காரரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கார் ஷெட்டில் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிறவர். நான் தென்காசியில் பதினோரு வருஷமாகப் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். அவர் வேலையைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை வரப்போகிறது? அது என் வேலையில்தான் வந்தது.

கல்யாணப் பெண்கள் முகத்துக்கும் முடிக்கும் என்னிடம் வந்துவிட்டு, நகத்துக்கு மட்டும் திருநெல்வேலிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பெண் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் அங்கே நேரம் குறித்துக்கொண்டாள். அடுத்த மாதமே மதுரையில் இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டினாள்.

ரெடிமேட் நகத்தைப் பசை போட்டு ஒட்டுகிற வேலை இல்லை இது. விரல் நுனிக்கு அடியில் ஃபார்ம் என்று ஒரு காகித அச்சை ஒட்ட வேண்டும். பிரஷை லிக்விடில் நனைத்து அக்ரிலிக் பவுடரைத் தொட்டால், முனையில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு மணி திரளும். அதை நகத்தின் மேல் வைத்து, இறுகுவதற்குள் தட்டித் தட்டி நீட்டி நகமாக்க வேண்டும். ஈரம் கூடினால் தோலில் வழியும், குறைந்தால் உதிரும். பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன மேடு தெரிய வேண்டும். அந்த மேடுதான் நகத்துக்குப் பலம். அது இல்லாவிட்டால் சோறு பிசைகிற வேகத்துக்கே ஒடிந்துவிடும்.

எனக்கு அந்த மேடுதான் வரவில்லை. பழகுவதற்காக வாங்கிய ரப்பர் கையைச் சாப்பாட்டு மேஜையில் நிறுத்தி, தினமும் ஐந்து விரலுக்கும் போட்டு, போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்புவேன். பதில் குரல் செய்தியாக வரும். “அக்கா, சைடுல பாத்தா பலகை மாதிரி இருக்கு. மறுபடி பண்ணுங்க.” ஒரு மாதம் போயும் பலகை பலகையாகவே இருந்தது. பதினோரு வருஷம் எத்தனையோ பெண்களுக்கு மேக்கப் போட்டவள், ஒரு ரப்பர் விரலிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்காமலே ரப்பர் கையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு நகத்தைத் தடவினார். ஷெட்டில் கார் கதவை அப்படித்தான் தடவுவாராம். பட்டி போட்ட இடத்தில் பள்ளமா மேடா என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்பார்.

“ஏட்டி, நடுவுல பள்ளம் விழுதுல்லா. எல்லாத்தையும் ஓரத்துக்குத் தள்ளிருதியே” என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அப்படியானால் நீங்களே போட்டுப் பாருங்கள் என்று பிரஷை நீட்டினேன். அவர் மோதிர விரலை எடுத்துக்கொண்டார். முதல் மணி வழிந்தது. துடைத்துவிட்டார். இரண்டாவது உதிர்ந்தது. மூன்றாவதை வைத்துவிட்டு உடனே தொடாமல், அது தானாகச் சரிந்து படிகிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் நுனியால் இரண்டு தட்டு. இறுகிய பிறகு அரத்தை எடுத்து, மேட்டில் கை வைக்காமல் ஓரங்களை மட்டும் இழைத்தார். நான் மேஜையைச் சுற்றி வந்து பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். மேடு இருந்தது.

நல்லா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சாதம் குழைந்துவிடும் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் மற்ற நான்கு விரலுக்கும் நான் போட்டு, போட்டோ அனுப்பினேன். வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அவர் போட்ட மோதிர விரல் நகத்தைக் கழற்றி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. மதுரைக்காரி அந்த விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு குரல் செய்தியோடு திருப்பி அனுப்பினாள். “அக்கா, இதுதான். இந்த விரல் மட்டும் வேற யாரோ போட்ட மாதிரி அவ்வளவு அழகா இருக்கு. உங்களுக்கு வந்துருச்சு, பாருங்க.” நான் நன்றி என்று டைப் செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து அவர் ஷெட்டுக்குப் போன பிறகுதான் ரப்பர் கையை வெளியே எடுத்தேன். அவர் வருகிற நேரத்துக்கு எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுவேன். அவர் ஒருமுறை, இன்றைக்கு ஒன்றும் போடவில்லையா என்று கேட்டார். தலைவலி என்றேன்.

அவருடைய தங்கை குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள் முழுக்க கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற வேலை என்பதால், மாடலாக அவளைக் கேட்டேன். சந்தோஷமாக வந்தாள். பத்து விரலுக்கும் மூன்று மணி நேரம் எடுத்தேன். ஐந்தாம் நாள் அருவியில் குளித்தபோது இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் நான் பார்லரில் இருந்தேன். அந்த இரண்டையும் அவர் போட்டு அனுப்பியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். “மதினி, நீங்க போட்டதுல இன்னும் மூணு போயிட்டு. அண்ணன் போட்ட ரெண்டும் கல்லு மாதிரி நிக்கு.” அவள் வெகுளி, குத்திக்காட்டத் தெரியாதவள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. அன்றைக்கு அவருக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதும் எரிச்சலாக இருந்தது.

சாரல் தொடங்கி லாட்ஜெல்லாம் நிறைந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயகிரியில் ஒரு பெண்ணுக்கு அலங்காரம் முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், என் நகப் பையைக் காணவில்லை. அவர் போனை எடுக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டேன். லாட்ஜில் தங்கியிருக்கிற ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி அவள் நகத்தைப் பார்த்துக் கேட்டாளாம். ஒரு விரலில் நகம் ஒடிந்துவிட்டது, அதை மட்டும் சரிபண்ணித் தர முடியுமா என்று. “மதினி வேலையா இருப்பீங்கன்னு அண்ணன வரச் சொன்னேன். இங்கனதான் இருக்காங்க” என்றாள். என் தொழிலைக் கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள், இவளுக்கு என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். மழைக்கு ஷட்டர் இறக்கியிருந்ததால் உள்ளே ஒரே புழுக்கம். ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டே, அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

லாட்ஜ் வரவேற்பறையின் மூலையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். அவள் விரலை அவர் தன் இடது கையில் தாங்கி, ஃபார்மை ஒட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று வீட்டில் நான் பார்த்ததெல்லாம் பிரஷ் முனையைத்தான். ஷெட்டுக்குள் நான் போனதில்லை, வேலை பார்க்கிறபோது அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. இன்னொருத்தி கையைப் பிடித்திருக்கிறாரே என்பது ஒரு வலி. என் பிரஷ் அவர் கையில் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய வலி.

பக்கத்தில் போய் நின்றேன். ஃபார்ம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

“கோணலா ஒட்டியிருக்கீங்க, இன்னும் இடப்பக்கம் வரணும்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியா என்று கூடக் கேட்கவில்லை. ஃபார்மை உரித்துப் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்து நான் காட்டிய பக்கமாகச் சாய்த்து ஒட்டினார். நகம் இடதுபுறம் லேசாகத் திரும்பி நின்றது. எவ்வளவு இழைத்தும் முழுசாகச் சரியாகவில்லை. அந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சந்தோஷமாகக் கையை விரித்துப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் இவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று என்னிடம் கேட்டாள்.

“ஆமா, இவகிட்டதான் படிச்சேன்” என்று அவர் பதில் சொன்னார்.

பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதையும் என்னால் கேட்க முடியவில்லை.

திரும்பும்போது பைக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாரலில் நனைந்துகொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது வசதியாக இருந்தது. ஃபார்ம் நேராகத்தான் இருந்தது என்றேன். அப்புறம் மோதிர விரலையும், சிவப்பு வட்டத்தையும், நான் டைப் செய்த நன்றியையும் சொன்னேன். அவர் வண்டியை ஒரு சாத்திய கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுக்கி நிறுத்தினார்.

“கோணல்னு சொன்னது கூடப் பெரிசில்ல. அந்த மதுரப் பிள்ள நல்லாருக்குன்னு சொன்னத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா” என்றார். முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். “பட்டி சரியா இருந்தா பாக்கவனுக்கு அங்க வேல நடந்ததே தெரியாது. இருவது வருசத்துல ஒருத்தன் ஷெட்டுக்கு வந்து நல்லாருக்குன்னு சொன்னதில்ல. தப்பா இருந்தாத்தான் வருதான்.”

அந்தக் கூரைக்கு அடியிலேயே போனை எடுத்து, மதுரைக்காரியின் குரலை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை போடச் சொன்னார். நன்றாகவே கேட்டிருக்கும்.

மறுநாள் மதுரைக்கும் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. இனிமேல் அண்ணன் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்புங்கள் என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தேன். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து அவர் தடவிப் பார்ப்பார். இங்கன இறக்கம், இங்கன தடிப்பு என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விரலுக்குப் போய்விடுவார். அவருக்குச் சொல்ல வராது. எனக்குத்தான் கேட்க வேண்டியிருந்தது. “நல்லாருக்கா, இல்லையா, வாயத் திறந்து சொல்லுங்க” என்பேன். “நல்லாருக்குட்டி” என்பார். மணியை வைத்ததும் கை பரபரக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆனது. சுரண்டையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பத்து விரலும் நானே போட்டேன். மூன்று வாரம் கழித்து எல்லாம் அப்படியே இருக்கிறது என்று அவளே போட்டோ அனுப்பினாள். திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் இன்னும் போகிறார்கள், ஆனால் சிலர் நின்றுவிட்டார்கள்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போன மாதம் மதுரைக்காரி, இழைக்கிற முறையைத் தன் மாணவிகளுக்குச் செய்துகாட்ட அவரை ஒரு நாள் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. போய் வாருங்கள் என்று நானே சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அன்று பார்லரில் ஒருத்திக்குப் புருவம் திருத்தும்போது ஒரு பக்கம் மெலிந்துபோனது.

சாயங்காலம் அவர் வந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன். இழைக்கிறது எல்லாருக்கும் பிடித்திருந்தது, ஆனால் ஸ்ப்ரே பிடித்துப் பழகிய கை, சின்ன பிரஷால் கலர் பூசச் சொன்னபோது தோலெல்லாம் அப்பிவிட்டது, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்றார். அதை வீட்டில் அக்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மதுரைக்காரி சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிரிக்கணும்னா சிரி, ஆனா மொதல்ல சோத்தப் போடு” என்றார்.