சரிவு சிறியதாக இருக்கும் ஊர்

உள்ளறையில் ஜிப் ஏறும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. மறுபடி இழுபட்டது, மறுபடி நின்றது. கூடத்தில் காத்திருந்த தையல்காரி அளவு நாடாவைக் கையில் எடுத்தாள். பதினெட்டு வருடமாகத் துணிக்கடையின் பின்னறையில் அடுத்தவர் உடைகளைப் பிரித்தும் பிடித்தும் ஆல்டரேஷன் செய்து கொடுப்பவள். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மகள் வெளியே வந்தாள். அம்மா தைத்த பேண்ட் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது.

“அம்மா, இதப் போட்டுக்கிட்டுப் பனியில சறுக்க முடியாது. குளத்துல எறங்கி மீன்தான் பிடிக்கணும்!”

இருவரும் சிரித்தார்கள். தாய்தான் முதலில் நிறுத்தினாள்.

“உன் பழைய அளவுடி. புதுசா அளவு எடுத்தா நான் தைக்கறது உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு விட்டுட்டேன்.”

மகள் தகப்பனோடு போய்ச் சேர்வதற்கு முன் எடுத்த அளவு அது. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் வந்து போகிற பெண் வளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமலா போகும்? தெரிந்தது. ஆனால் யாருடைய துணியானாலும் அளவு நோட்டில் இருப்பதைத்தான் வெட்டிப் பழகியது அந்தக் கை.

“பரவால்ல, மடிப்புல துணி விட்டிருக்கேன், எறக்கிடலாம். நீ வந்து உக்காரு.”

மேஜைமேல் மூன்று விளம்பரத் தாள்களை விரித்தாள். பனிக்கால விடுமுறை ஒரு வாரம். அந்த ஒரே ஒரு வாரமாவது மகள் தன் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். அதற்காக நான்கு மாதம் தேடிப் பொறுக்கிய பனிமலைகள்.

“இங்க ரூம் மலிவு, ஆனா மலைக்குப் போகத் தினம் வண்டி பிடிக்கணும். இது செங்குத்து, பாத்தாலே தல சுத்துது. இதுதான் நமக்கு. பஸ் வாசல்லயே எறக்கி விடும். சறுக்குப் பலகை, கத்துக்குடுக்கற ஆளு, எல்லாம் கட்டணத்துலயே சேந்துடும். உடுப்பு மட்டும் நம்மளோடது, அதான் தச்சேன். சரிவப் பாரு, நம்ம தெரு மாதிரி! புதுசாக் கத்துக்கறவங்க விழுந்தாலும் அடி படாது.”

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா… நான் புதுசு இல்லம்மா.”

“என்னடி சொல்றே?”

“போன வருஷமே அப்பா கூட்டிட்டுப் போனாரு. இப்பப் பெரிய சரிவுலயே எறங்கறேன். இது குட்டிப் பசங்க சறுக்கற எடம்மா.”

“எங்கிட்டச் சொல்லவேயில்லையே?”

“நீ வருத்தப்படுவேன்னுதான்.”

முதல்முறை மகள் பனியில் விழுந்தபோது தூக்கி நிறுத்திய கை தன்னுடையது அல்ல! விரலில் எத்தனையோ முறை ஊசி ஏறியிருக்கிறது அவளுக்கு. இப்படி ஒரு நாளும் வலித்ததில்லை.

“சரி, அந்தச் செங்குத்து ஊருக்கே போலாம். செலவுக்கு இன்னும் ரெண்டு கடைக்குத் தச்சுக் குடுத்தாப் போச்சு.”

“நான் மேல போயிட்டா நீ என்னம்மா பண்ணுவே? நாள் பூராக் கீழயே நிப்பியா?”

“நிப்பேன்.”

மகளின் கண் கலங்கிவிட்டது.

“அந்த வாரத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் அப்பா டிக்கெட் எடுத்துட்டாரும்மா.”

கீழே தகப்பனின் கார் ஹாரன் அடித்தது. மகள் அவசரமாக உடை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“கோவமா?”

“போடி பைத்தியம். மாசத்துல ரெண்டு மணி நேரம். இதுல கோவப்பட வேற எனக்கு நேரம் ஏது?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்மா.”

“பாக்கலாம் கண்ணு.”

மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கார் கிளம்பும்வரை நின்றுவிட்டு, தாய் கதவைச் சாத்தினாள்.