கடைசி ஓட்டக்காரருக்காக நின்றவர்

சவரிராயன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, மாணவிகளுக்குக் கைப்பந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி அலுவலக உதவியாளர் ஓடி வந்து, "பேப்பர்காரரு சாரு காலையில போயிட்டாராம் மிஸ்" என்றார். பயிற்சியை நிறுத்தச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

காலியாகக் கிடந்த மைதானத்தை நிரப்பிக் காட்டியவர் என்றுதான் உங்களில் பலர் அவரை நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் முன்பு வேலை பார்த்த நாளிதழும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அந்தப் பாராட்டை யாராவது எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார். அதன் காரணம் தெரிந்தவர்கள் சிலரே.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து நடத்திய விளையாட்டு மன்றத்துக்கு முழுநேரச் செயலாளர் தேவைப்பட்டார். மன்றத் தலைவராக இருந்த கல்லூரி முதல்வர், நாளிதழ் மேலாளரான சவரிராயனை அழைத்துவந்தார். "பந்தையே தொட்டதில்லியே இவுரு" என்று ஓர் உடற்கல்வி ஆசிரியர் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"நெசந்தாங்க. நீங்க நல்லா ஆடறீங்க, ஆனா பாக்கறதுக்கு ஆளே இல்லியே. ஆளக் கொண்டாறது என் வேல" என்றார் சிரித்துக்கொண்டே.

எங்கள் பெண்கள் ஓடும்போது கைதட்ட நாதி இருக்காது. அவரைத் தேர்ந்தெடுக்க நானும் மகிழ்ச்சியோடு கை தூக்கினேன்.

சொன்னதைச் செய்தார். மேலாளர் வேலையை விட்டுவிட்டாலும் பழைய அலுவலகத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. படங்கள் வந்தன, கொட்டை எழுத்துத் தலைப்புகள் வந்தன, மக்களும் வந்தார்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

அடுத்த ஆண்டு பெண்களுக்கான தடை ஓட்டம். என் மாணவி பூங்காவனம், வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண், மூன்றாவது தடையில் கால் இடறி முகம் மண்ணில் படிய விழுந்தாள். உடை விலகிக் கிடந்த நிலையில் புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். மறுநாள் அந்தப் படம் பெரிதாக வந்தது. மேலே தலைப்பு: 'வீழ்ந்தது வீராம்பட்டினம்!'

காலையில் சார் அந்தப் பேப்பரோடு என் அறைக்கு வந்தார். "தலைப்பு எப்பிடி மிஸ்? நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அந்தப் பொண்ணு இன்னிக்கு காலேஜுக்கு வரல சார்" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த வாரம் முழுவதும் அவள் வரவில்லை. பிறகு அவளுடைய அப்பா வந்தார், படிப்பை நிறுத்துவதற்காக. விஷயத்தைச் சொன்னதும் சார், "நான் போயி பாக்கணும். நீங்க கூட வாங்க" என்றார்.

அந்த வீட்டில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "கடக்கரப் பக்கம் போவ முடியல. பசங்க அந்தத் தலைப்பச் சொல்லித்தான் எம் பொண்ணக் கூப்புடறானுங்க" என்றார் அம்மா. புகைப்படக்காரர் மேல் பழியைப் போடுவார் என்று நினைத்தேன். சார் கைகூப்பி, "அத எழுதினது நாந்தாம்மா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளேயிருந்து பூங்காவனம் வந்தாள். முழங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை. "நா எழுந்து ஓடி முடிச்சேன் சார். கடைசியா வந்தேன், ஆனா முடிச்சேன். அத நீங்க பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. அவள் விழுந்த உடனேயே படச்சுருளை அனுப்பி வைக்க வெளியே ஓடிவிட்டார். முதலில் வந்த பெண்ணைச் சூழ்ந்து நின்ற நாங்களும் பார்க்கவில்லை. கூசிப்போய் நின்றேன்.

"பாக்கலம்மா" என்றார் சார். தலை நிமிரவில்லை. பிறகு, "நீ ஓடி முடிச்சதையும் போட்டு, மன்னிப்பும் கேட்டு பேப்பர்ல எழுதச் சொல்றேன்" என்றார்.

"ஐயோ, வேணாங்க" என்று அப்பா குறுக்கிட்டார். "மறுபடி எம் பொண்ணு பேரப் போடாதீங்க. அது போதும் எங்களுக்கு."

சாருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பேப்பர்தான். அதுவும் உதவாது என்று ஆனபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

மன்றக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லி, தன்னை நீக்கிவிடும்படி கேட்டார். "இதுக்குப் போயி யாராவது வேலைய விடுவாங்களா? கூட்டம் எப்பிடி வருது பாருங்க" என்று தலைவர் சிரித்தார். நாங்களும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். பிறகு சார் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "போயிட்டா எனக்கு சுளுவு மிஸ். இருக்கறதுதான் கஷ்டம். இருக்கேன்."

இருந்தார். விளையாடுகிறவர் சம்மதமில்லாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். நாளிதழுக்குக் கோபம். செய்திகள் சுருங்கின, கூட்டமும் பாதியானது. 'கூட்டத்தக் கொண்டாந்த ஆளே கெடுத்துட்டாரு' என்று மன்றத்திலேயே பேசினார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும், வென்றவரைச் சுற்றி நாங்கள் கூடி நிற்கும்போது, அவர் மட்டும் எல்லைக்கோட்டில் நிற்பார். கடைசியாக வருகிற பிள்ளை கோட்டைத் தாண்டிய பிறகே நகர்வார்.

அம்மா பிடிவாதம் பிடித்ததால் பூங்காவனம் இரண்டு மாதம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். பட்டம் வாங்கினாள். ஆனால் மறுபடி மைதானத்துக்கு வரவேயில்லை. நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன்.

சென்ற மாதம் கதிர்காமத்தில் மகள் வீட்டில் இருந்த சாரைப் போய்ப் பார்த்தேன். பேச்சு எப்படியோ அந்தப் படத்தில் போய் நின்றது. "அதெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு சார்" என்றேன்.

"எனக்கு ஆறல மிஸ்" என்றார். "ஆறவும் வேணாம்."

கூட்டம் சேர்த்த சவரிராயனை ஊர் வைத்துக்கொள்ளட்டும். அந்த வீட்டு வாசலில், சாக்கு எதுவும் சொல்லாமல், "பாக்கலம்மா" என்று தலைகுனிந்து நின்ற மனிதரை நான் வைத்துக்கொள்கிறேன்.