கோல்ஃப் பையும் பூசணிக்காய்களும்

எங்கள் எம்.டி. சிரித்துக்கொண்டே எதையாவது கொடுத்தால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும். அன்றைக்குக் கொடுத்தது தாய்லாந்துப் பயணம். சூளகிரியில் இருக்கும் எங்கள் கம்பெனியின் மேனேஜர்கள் நாலு பேரும் அங்கே போய் கோல்ஃப் ஆட வேண்டுமாம், செலவெல்லாம் அவருடையதாம். "கஸ்டமர்ங்க எல்லாரும் கோல்ஃப் ஆடுறாங்க. நீங்களும் கத்துக்கோங்க," என்றார்.

நான் மெயின்டனன்ஸ் மேனேஜர். அதற்கு முன் நான் கையில் பிடித்த கம்பு, ஊரில் புளியம்பழம் உலுக்கியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போனோம். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பறந்தது. மதிய இடைவேளையில் ஷெட்டுக்குப் பின்னால் புது ஷூவை மாட்டிக்கொண்டு நான் கம்பு சுழற்றுவதைப் பார்த்துக் கேன்டீனே சிரித்தது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் போடக்கூடாதுன்னு சொல்ற மனுஷன். உங்கப்பா காரியத்தன்னிக்கே ஃபோன் பண்ணி எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு. இப்ப நாலு பேரையும் ஒண்ணா அனுப்புறாரா?"

"ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே," என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அவள் கேட்டது உள்ளுக்குள் நெருடிக்கொண்டே இருந்தது.

காரணம், மெஷின்களையெல்லாம் கழற்றி வடக்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று கம்பெனிக்குள் ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லைனில் வேலை பார்க்கும் ஒரு அம்மா என்னை மறித்தே கேட்டார். கம்பெனி நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் தக்காளி போட்ட நிலம்.

"நெசமா சார்? நெலத்த குடுத்துட்டுத்தான இந்த வேலைக்கு வந்தோம். இதையும் தூக்கினு போயிட்டா நாங்க எங்க போறது?"

"எனக்குத் தெரியாம இங்க ஒரு மெஷினும் நகராதும்மா," என்றேன்.

அதை வீறாப்புக்குச் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷினை ஓரடி தள்ளி வைப்பதென்றாலும் சூடம் கொளுத்தி, அந்த மெஷினுக்கென்று ஒரு வெண்பூசணி உடைத்த பிறகுதான் கிரேன் கிட்டே வரும். வாங்குவது முதல் உடைப்பது வரை என் பொறுப்பு. பூசணி உடைக்காமல் நகர்த்திய பிரஸ் மெஷினில் ஒருவன் விரல் போனதிலிருந்து எம்.டி. இந்த விஷயத்தில் படு கறார்.

பயணம் நெருங்கியபோது, அதே வாரம் தொழிலாளர்களுக்கும் லீவு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மின்சாரப் பராமரிப்பு வேலையாம். மெயின்டனன்ஸ் மேனேஜருக்கே நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிகிறது! போய்க் கேட்டேன். எம்.டி. தோளில் தட்டி, "நீங்க ஃப்ளைட்டப் பாருங்க," என்றார். எனக்குப் பயமாக இருந்தது. இருந்தும் பெட்டியைக் கட்டினேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து டாக்ஸியில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி, குருபரப்பள்ளி தாண்டிய பிறகுதான் கோல்ஃப் ஷூ கம்பெனியில் என் ரூமிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. போகிற வழிதானே என்று கம்பெனிக்கு விடச் சொன்னேன்.

கேட்டுக்குள் ஒரு மினி லாரி நின்றது. வாட்ச்மேன் அதிலிருந்து பூசணிக்காய்களை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது, லாரியில் இன்னும் இருந்தது. உள்ளே ஓடும் அத்தனை மெஷினுக்கும் போதும்.

என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த காயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "சார்... நீங்கள்லாம் ஃப்ளைட் ஏறினப்புறம்தான் எறக்கச் சொன்னாங்க. ராயக்கோட்டை லாரிக்காரன் முன்னாடியே வந்துட்டான்."

டாக்ஸிக்காரர் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார். நான் போய் டிக்கியிலிருந்து பெட்டியையும் கோல்ஃப் பையையும் இறக்கி வைத்துவிட்டு, நிலம் கொடுத்த அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன சார், தாய்லாந்து போய்ச் சேந்துட்டீங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"மெஷின் நகரப் போகுதும்மா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே கேட்டுக்கு வாங்க," என்றேன்.