ஓடு வராத இருபது நாள்

சட்டைக் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. பித்தான் வைப்பவள் பட்டன், பை தைப்பவள் பாக்கெட். பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைத்தவள் காலரக்கா. முழுச் சட்டை ஒன்றைத் தைத்துக் கொடு என்றால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் காலரில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

வீட்டுக் கொல்லையில் பதினாலு கோழிகள். அவை மாமனாரின் பொறுப்பு. புருஷன் லாரியோடு கிளம்பினால் பத்து நாளைக்குத் தலைகாட்ட மாட்டான். மிச்சம் இருக்கும் இரண்டு பேர் எத்தனை முட்டையைத்தான் தின்பது? அதனால் தினமும் பன்னிரண்டு முட்டைகளை, வெட்டுத்துணிக்கு நடுவே பொதித்துக் கம்பெனிக்கு எடுத்துப் போவாள். அவள் வரிசையில் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொன்று. காசுப் பேச்சே கிடையாது. மாமனார் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தின்ற முட்டையின் ஓடு மறுநாள் திரும்பி வர வேண்டும். அதை வறுத்துப் பொடித்துத் தீனியில் கலந்தால்தான் அடுத்து இடும் முட்டைக்கு ஓடு கெட்டியாகும். மறந்தவளுக்கு அன்றைக்கு முட்டை இல்லை.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. முதலாளி இரவோடு இரவாக மூட்டை கட்டிவிட்டார் என்றார் வாட்ச்மேன். பட்டன் அழுதாள். பாக்கெட் மண்ணை வாரித் தூற்றினாள். காலரக்காவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முட்டைகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பையைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மாமனார் தன் கடையை இழுத்து மூடிய அன்று, நான் ஒருத்தி சம்பாதிக்கிறேன், கவலையை விடுங்கள் என்று மார்தட்டியவள் அவள்தான். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கினாள். அங்கே நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. முட்டைகளை எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையில் நீட்டினாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"சும்மாவா குடுக்கறீங்க? கெட்டுப்போனதில்லையே?"

"இன்னைக்கு இட்டது. வீட்டுல மிச்சம்."

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. பசி வந்தது, போனது. சாயங்காலம் காலிப்பையோடு வீடு திரும்பினாள்.

இருபத்தோராம் நாள் காலை, பையில் அடுக்கும்போது ஒரு முட்டை அவள் பிடித்த பிடியிலேயே பொசுக்கென்று நசுங்கியது. விரல் இடுக்கில் மஞ்சள் வழிந்தது. மாமனார் கொல்லைப் படியில் உட்கார்ந்து தீனி பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு மூணு நாளா இப்படித்தான் மெல்லிசா இடுது."

"ஏன் மாமா?"

"இருபது நாளா ஓடு வரலையேம்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முட்டையைத் தள்ளிவிட வழி கண்டுபிடித்தவள், ஓட்டைக் கேட்டு வாங்க அடியோடு மறந்து போயிருந்தாள்.

"கம்பெனிய மூடிட்டாங்க மாமா." அடுத்த வீட்டுச் சேதியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த வாரமே நெனச்சேன். பன்னெண்டு பொம்பளைங்களும் ஒண்ணாவா மறப்பாங்க?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வீட்டுல உக்காந்துடுவ. கடைய மூடினப்ப நான் உக்காந்தேன்ல, எனக்குத் தெரியும்." கையை உதறிக்கொண்டு எழுந்தார். "முட்டை எங்க போகுது?"

"ஆஸ்பத்திரி எதிர்ல, டீக்கடைக்கு."

அவர் கூடையைத் துழாவி, இருப்பதில் கெட்டியான முட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். நசுங்கியதற்குப் பதில் அதைப் பையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"கை கழுவிட்டுக் கிளம்பு. இன்னையிலிருந்து ஓட்டைக் கேட்டு வாங்கிட்டு வா."

கழுவிவிட்டு வந்து பையை வாங்கும்போது அவள் கை நடுங்கியது. பூட்டைப் பார்த்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. மாமனார் பையை விடாமல், அதன் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"மெதுவாப் பிடிம்மா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."