தீபாராதனையில் விட்ட இடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹெட்போன் கிடக்கிறது. பஞ்சு பிய்ந்துபோன பக்கத்தில் நீலச் சேலைத் துணியைச் சுற்றித் தைத்தவர், எங்கள் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை பார்த்த அக்கா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். வீட்டுக்காரர் தவில் வாசிப்பவர். தாளம் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோயிலில் பதிவுசெய்த நாகஸ்வரத்தைக் கேட்டு, ஒவ்வொரு தாளச் சுற்றும் தொடங்கும் இடத்தில் கணினியில் குறி வைக்க வேண்டும். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் எங்கள் மென்பொருள் தாளம் போடக் கற்றுக்கொண்டது. ஒரே பதிவை ஐந்தாறு தடவை கேட்பவர், சில இடங்களில் மட்டும் குறியே வைக்காமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"தீபாராதனைக்கு மணி அடிச்சதும் பாட்டை அப்படியே வுட்டுட்டு கெட்டிமேளம் கொட்டுவாங்க தம்பி. அதுல ஏது தாளம்? அங்க எண்ணினா பொய்க்கணக்கு."

மறுநாள் கோயிலுக்கு சாயரட்சை பூஜை நேரத்தில் போய் நின்று கேட்டேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் சொன்னேன். பிறகு பார்க்கலாம் என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இசையைக் கணினியால் ஆராய்கிறவர்களின் மாநாடு செங்கம் சாலையில் ஒரு விடுதி அரங்கில் நடந்தது. வாசலில் கழுத்து அட்டை கொடுக்கும் வேலை அக்காவுக்கு. எங்கள் முறை வந்ததும் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கட்டுரையில் அவர் பெயரும் வரும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

பெயர் வரவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அக்கா விட்ட இடங்களைத் திரையில் சிவப்பாகக் காட்டி, "குறித்தவர் இங்கெல்லாம் தூங்கிவிட்டார் போலிருக்கிறது, எங்கள் மென்பொருள் நிரப்பிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னார் பேராசிரியர். தூங்குவதுபோலத் தலையைச் சாய்த்தும் காட்டினார். அரங்கமே சிரித்தது. அக்காவுக்கு விளங்க ஆங்கிலம் தேவைப்படவில்லை.

கேள்வி நேரத்தில் மைக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் பட்டமோ பேராசிரியர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே அக்கா மிச்ச அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் கொடுத்தார்.

"பேரு வராட்டி போவுது தம்பி. நான் தூங்கலன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

அதன்பிறகு அவர் வேலைக்கு வரவே இல்லை. பேராசிரியர் மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. என் மேல் அதைவிட ஜாஸ்தி. அவருக்காவது உண்மை காதில் ஏறவில்லை. நான் கோயிலில் நின்று கேட்டுவிட்டு வந்தவன்.

இன்று நானும் வகுப்பெடுக்கிறேன். அந்தப் பதிவுகளையும், மென்பொருள் நிரப்பியதோடு சேர்ந்த குறிகளையும் யார் யாரோ இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். நேற்று என் மாணவி ஒருத்தி அவற்றைச் சரிபார்க்க ஹெட்போன் கேட்டாள். கையில் அகப்பட்டது அதுதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"மணி அடிக்கிற எடத்துல தாளமே இல்ல சார். குறி மட்டும் வரிசையா இருக்கு. குறிச்சவங்க தூங்கிக்கிட்டே வெச்சாங்களா?"

"அவங்க தூங்கலம்மா" என்றேன்.

அன்று அரங்கம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நேற்று அதைக் கேட்க, நீலத் துணி சுற்றிய ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒருத்திதான் இருந்தாள்.